நோவும் உறக்கமும்: மூலிகை என்னும் அமானிதம்

நோயைப் படைத்து, அதற்குரிய நிவாரணத்தையும் படைத்த வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரியது. அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்துதித்த கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக! ஆமீன்.

  

அல்லாஹ் நமக்கு வழங்கியிருக்கும் எண்ணற்ற நிஃமத்துகளில் இரண்டின் அருமையை, அவை நம்மை விட்டு நீங்கிய பிறகே நாம் உணர்கிறோம். ஒன்று, நோவில்லாத உடல். மற்றொன்று, இரவின் உறக்கம். உறக்கத்தை நமக்கு ஓய்வாக ஆக்கியிருப்பதைத் தன் பேருபகாரங்களில் ஒன்றாகவே அல்லாஹ் திருமறையில் (78:9) நினைவூட்டுகிறான். உஹுதுப் போரின் துயரத்திற்குப் பின் நம்பிக்கையாளர்கள் மீது அவன் இறக்கிய அமைதி, ஒரு சிற்றுறக்கத்தின் வடிவில் வந்ததாக மற்றோர் இடத்தில் (3:154) கூறுகிறான். கண் அயர்வதே ஓர் அருள் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இன்று நம் வீடுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூட்டு வலியால் ருகூவுக்குக் குனிய இயலாத பெரியவர்கள், இடுப்பு நோவோடு அடுப்படியில் நிற்கும் தாய்மார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க நள்ளிரவு வரை விழித்திருக்கும் உம்மாமார்கள் இல்லாத வீடு நம் காரைக்காலில் எத்தனை இருக்கும்? இவர்களுக்கு யாரோ ஒருவர் ஒரு வேரைச் சொல்கிறார். இன்னொருவர் ஒரு லேகியத்தைத் தருகிறார். வேறொருவர் மருந்துக் கடையில் சீட்டின்றி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார். எது மருந்து, எது தீங்கு, எவ்வளவு ஆகும், எவ்வளவு ஆகாது என்று கேட்பவர் குறைவு. ஆகவே, நோவைத் தணிக்கும் மூலிகைகளையும் உறக்கத்திற்கு உதவும் மூலிகைகளையும் குறித்து ஒரு முஸ்லிம் குடும்பம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இன்று சிந்திப்போம்.

மருத்துவம் தேடுவது ஸுன்னத்

மருந்து உண்பது தவக்குலுக்கு மாறானது என்று எண்ணுவோர் சிலர் உண்டு. கிராமப்புற அரபிகள் சிலர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவினார்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படியும், முதுமை ஒன்றைத் தவிர நிவாரணம் இல்லாத எந்த நோயையும் அல்லாஹ் வைக்கவில்லை என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு நபிமொழி முஸ்லிமில் உள்ளது. ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு. மருந்து நோயுடன் பொருந்தும்போது அல்லாஹ்வின் நாட்டத்தால் குணம் ஏற்படுகிறது என்பது அதன் கருத்து. இங்கே ‘பொருந்தும்போது’ என்ற நிபந்தனையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மருந்து இருந்தால் மட்டும் போதாது. அது அந்த நோய்க்குரியதாக, அந்த உடலுக்கு ஏற்றதாக, உரிய அளவில் இருத்தல் வேண்டும். எல்லாப் பொருளையும் ஓர் அளவுடன் படைத்ததாகத் திருமறை (54:49) கூறுகிறது. மூலிகையும் அவ்விதிக்கு உட்பட்டதே. இன்றைய உரை முழுவதற்கும் இதுவே அடித்தளம்.

நம் மண்ணில் அல்லாஹ் வைத்தவை

அரசலாறு கடலில் கலக்கும் நம் பகுதி, மூலிகைகளுக்குக் குறைவில்லாத மண். கடற்கரை மணலில் படர்ந்து, ஊதா நிறப் பூப் பூக்கும் அடம்புக் கொடியை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அதன் இலையை வதக்கி வீக்கத்தின் மேல் கட்டுவது கடலோர மக்களின் பழைய வழக்கம். கடற்கரையோரம் நிழல் தரும் புன்னை மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய், மூட்டு நோவுக்கு மேற்பூச்சாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. வாய்க்கால் கரைகளிலும் வேலிகளிலும் வளரும் நொச்சியின் இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிப்பதும், அந்த நீரில் உடல்வலிக்குக் குளிப்பதும், தலைபாரத்திற்கு அவ்விலையைத் தலையணையில் வைத்து உறங்குவதும் நம் பாட்டிமார்கள் அறிந்தவை. வாதநாராயணன் இலையும் இவ்வாறே வாத நோவுகளுக்கு உதவுகிறது.

முடக்கத்தான் கீரையை மாவோடு அரைத்துத் தோசையாகவும், பிரண்டையை எண்ணெயில் நன்கு வதக்கிப் புளி சேர்த்துத் துவையலாகவும் உண்கிறோம். சுக்கை இழைத்துத் தலைவலிக்குப் பற்றுப் போடுகிறோம். பல்வலிக்குக் கிராம்பு வைக்கிறோம். கிராம்பில் உள்ள யூஜெனால் என்னும் பொருள் இடத்தை மரத்துப் போகச் செய்வதால்தான் பல் மருத்துவர்களும் அதனைப் பயன்படுத்துகிறார்கள். கிராம்பும் சாதிக்காயும் இம்மண்ணில் விளைந்தவை அல்ல. கீழைத் தீவுகளில் பிறந்து மரக்கலங்கள் வழியே உலகெங்கும் சென்றவை. சோழமண்டலக் கரையிலிருந்து அச்சே, பினாங்கு வரை கடலோடிய நம் முன்னோர்களான மரக்காயர்களுக்கு அந்த வணிகத்தில் பங்குண்டு. நம் நாட்டிலிருந்து அரபு நாட்டிற்குச் சென்ற மருந்துப் பொருளும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் பயன்படுத்தச் சொன்ன ‘இந்தியக் குச்சி’ என்பது இமயமலைப் பகுதியில் விளையும் கோஷ்டம் என்னும் வேர் ஆகும். உம்மு கைஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த நபிமொழி புகாரீயில் உள்ளது.

இவற்றில் பெரும்பாலானவை உணவாகவோ மேற்பூச்சாகவோ ஒத்தடமாகவோ பயன்படுவதால் இவற்றின் தீங்கு குறைவு. ஆயினும் இவற்றுக்கும் எல்லை உண்டு. மூட்டு ஒத்தடத்திற்கு எடுக்கும் எருக்கிலையின் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு விளையும். நெஞ்சில் அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவும்போது, வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒரு மணி நேரத்தை வீணாக்குவது உயிரோடு விளையாடுவதாகும். அந்த நேரத்தில் ஸுன்னத்தான மருத்துவம் என்பது தாமதமின்றி மருத்துவமனைக்கு விரைவதே. நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இறைமறை (2:195) எச்சரிக்கவில்லையா?

உறக்கத்திற்கு உதவுபவை

உறக்கத்திற்காக நம் மக்கள் நாடுபவற்றுள் முதன்மையானது அமுக்கரா கிழங்கு. ஆயுர்வேதத்தில் இது அசுவகந்தா எனப்படுகிறது. பாலில் இட்டுக் காய்ச்சிப் படுக்கைக்குச் செல்லுமுன் பருகுவது வழக்கம். அண்மைக் காலத்தில் நடந்த சிறிய அளவிலான மருத்துவ ஆய்வுகள் சில, இது உறக்கத்தை ஓரளவு மேம்படுத்துவதாகக் காட்டுகின்றன. இந்திய ஆயுர்வேத மருந்துத் தர நூல், இதன் வேர்ப்பொடிக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் என அளவு வகுத்திருக்கிறது. அதே வேளை, இதனை உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் பல நாடுகளில் பதிவுகள் உள்ளன. டென்மார்க் நாடு 2023-ல் இதனைத் தடை செய்துவிட்டது. கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு நோய்க்கோ உறக்கத்திற்கோ ஏற்கெனவே மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடக்கூடாது.

அடுத்தது சாதிக்காய். பாலில் சிட்டிகையளவு சேர்ப்பது வேறு; உறக்கம் வரவில்லையே என்று கரண்டி கரண்டியாக உண்பது வேறு. ஏறத்தாழ 5 கிராம் பொடியே வளர்ந்த மனிதருக்கு வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கக் கூடும். அப்படியானால் பச்சிளம் குழந்தையின் நிலை என்ன? தாய்மார்களே! குழந்தை அழாமல் உறங்க வேண்டும் என்பதற்காகச் சாதிக்காயும் வசம்பும் இழைத்த உரைமருந்தைக் கைக்கு வந்த அளவில் புகட்டுகிறோம். வசம்பில் உள்ள அசரோன் என்னும் பொருளின் தீங்கைக் கருதி, அமெரிக்காவில் 1968 முதல் அதனை உணவில் சேர்க்கத் தடை உள்ளது. பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது குழந்தை மருத்துவர்களின் ஒருமித்த அறிவுரை. குழந்தை ஓயாமல் அழுதால் அதற்குக் காரணம் இருக்கும். அக்காரணத்தைக் காண வேண்டுமே தவிர, அழுகையை உறங்க வைக்கக் கூடாது.

மூன்றாவது கசகசா. குருமாவிலும் பாலிலும் நாம் சேர்க்கும் இச்சிறு விதை, அபின் எடுக்கும் அதே செடியின் விதையாகும். விதையில் போதை இல்லை எனலாம். நம் நாட்டில் அதனை விற்பதற்கும் உண்பதற்கும் தடையில்லை. ஆனால் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பொருள். மகன் துபாய்க்குப் புறப்படும்போது, உறக்கத்திற்கும் சமையலுக்கும் ஆகட்டும் என்று உம்மா அன்போடு கட்டிக் கொடுக்கும் ஒரு சிறு பொட்டலம், அவனை விமான நிலையத்திலிருந்து சிறைக்கு அனுப்பிவிடக் கூடும். இச்செய்தியை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

அளவே மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள எல்லை

‘மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது’ என்று சொல்கிறார்கள். இதைவிட ஆபத்தான சொல் வேறில்லை. நமக்குத் தெற்கே வேதாரண்யம் பகுதி மணற்பாங்கில் செங்காந்தள் பயிரிடுகிறார்கள். கண்வலிக் கிழங்கு என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் இதனைச் சொல்வதுண்டு. தமிழகத்தின் மாநில மலர் இதுவே. இதன் விதையில் கோல்ச்சிசின் என்னும் மருந்துப்பொருள் உள்ளது. பெருவிரல் வீங்கித் துடிக்கும் கவுட் என்ற மூட்டு நோவுக்கு இன்றும் உலகெங்கும் தரப்படும் மருந்து அது. யூனானி ஹகீம்கள் ‘நிக்ரிஸ்’ எனப்படும் அதே நோய்க்குக் கொடுத்துவந்த சூரஞ்சான் கிழங்கிலும் இப்பொருளே உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லெத்தியேரும் காவெந்தூவும் 1820-ல் அக்கிழங்கிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார்கள். மாத்திரையில் அதன் அளவு அரை மில்லிகிராம். அளவு மீறினால் அது உயிரைக் கொல்லும். கண்வலிக் கிழங்கை உண்டு இறந்தவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் பலர். ஒரே செடிதான். அறிந்தவர் கையில் ஷிஃபா. அறியாதவர் கையில் மவுத்து.

இன்னொரு வரலாற்றையும் கேளுங்கள். மனக்கொதிப்புக்கும் உறக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர்களும் ஹகீம்களும் கொடுத்துவந்த வேர் சர்ப்பகந்தா. டில்லியில் திப்பியா கல்லூரியை வளர்த்தெடுத்த ஹகீம் அஜ்மல் கான் அவர்கள், நாட்டு மருந்துகளை நவீன அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்று விரும்பினார்கள். அவர்களின் ஊக்கத்தால் அங்கே ஆய்வைத் தொடங்கிய ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி, 1931-ல் அவ்வேரிலிருந்து ஒரு மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்து, 1927-ல் மறைந்த தம் வழிகாட்டியின் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். இதயத் துடிப்புக் கோளாறில் அது பயன்பட்டது. பின்னர் 1949-ல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்பில் இவ்வேர் பயன்படுவதை உலக மருத்துவர்களுக்கு எடுத்துக் காட்டினார். 1952-ல் சுவிட்சர்லாந்தில் ரெசர்ப்பின் என்ற மற்றொரு பொருள் இதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தக் கொதிப்பையும் மனக்கொந்தளிப்பையும் தணித்த அதே மருந்து, சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியதையும் மருத்துவர்கள் கண்டார்கள். ஆகவே அதன் அளவையும் ஆளையும் பார்த்துக் கொடுக்கும் கட்டுப்பாடு வந்தது.

நம் முன்னோர்களான மருத்துவ மேதைகளின் வழியும் இதுவே. இப்னு ஸீனா (980-1037) தமது மருத்துவப் பெருநூலில் வலியைப் பதினைந்து வகைகளாகப் பிரித்து, எந்த வலி எதனால் வருகிறது என்று ஆராய்ந்தார். அந்தலூஸில் பிறந்து 1248-ல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஊர் ஊராகச் சென்று செடிகளை நேரில் கண்டு, ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருட்களைப் பதிவு செய்தார். கேள்விப்பட்டதை அப்படியே பிறருக்குக் கொடுப்பது அவர்களின் வழியன்று.

ஆங்கில மருந்து, நாட்டு மருந்து என்று இரண்டு பகைகளை உண்டாக்குவதும் தேவையற்றது. அலரிக்குடும்பம் அன்று, வில்லோ என்னும் மேலைநாட்டு மரத்தின் பட்டையைப் பற்றிய அறிவே 1897-ல் உருவான ஆஸ்பிரினுக்கு வழிகாட்டியது. அறுவைச் சிகிச்சையின் வேதனையைத் தணிக்கும் மார்ஃபின், அபினிலிருந்து வந்தது. படைத்தவன் ஒருவனே. செடியில் வைத்தவனும் அவனே. அதனைப் பிரித்தறியும் அறிவைக் கொடுத்தவனும் அவனே.

மூன்று தீமைகள்

அன்பிற்குரியவர்களே! இத்துறையில் நம்மிடையே பரவியுள்ள மூன்று தீமைகளைக் குறித்து எச்சரிக்கை செய்வது கடமையாகும்.

முதலாவது, அறியாமல் மருத்துவம் செய்வது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் உள்ளது. ஃபிக்ஹுச் சட்ட அறிஞர்கள் இதனை அடிப்படையாகக் கொண்டு ஈட்டுத்தொகை பற்றியே பேசியிருக்கிறார்கள். கைப்பேசியில் வந்த குறிப்பை ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறவரும் தம் பொறுப்பை எண்ணிப் பார்க்க வேண்டாமா? அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. சென்னையில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு மேல் பயின்று பட்டம் பெற்று, முறையாகப் பதிவு செய்த சித்த, யூனானி மருத்துவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஒலிபெருக்கி வைத்துக் கூவி விற்பவரை நாடுவது ஏன்?

இரண்டாவது, கலப்படம். மூட்டுவலிக்கு ஒரே நாளில் குணம் என்று விற்கப்படும் பெயரற்ற பொடிகள், உருண்டைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது ஆய்வுக்கூடங்களில் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. உண்டவுடன் வலி பறந்துவிடும். சில மாதங்களில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து நேரிடலாம். மேலே உலர்ந்த தானியத்தை வைத்து உள்ளே ஈரத்தை மறைத்த வணிகரைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்ததை முஸ்லிமில் காண்கிறோம். தானியத்தின் ஈரத்திற்கே அந்த எச்சரிக்கை என்றால், நோயாளியின் மருந்தில் மறைத்த நஞ்சுக்கு என்ன விடை சொல்வது? நாட்டு மருந்துக் கடை நடத்தும் சகோதரர்களே! உங்கள் தராசு மறுமையிலும் பேசும். வாங்கும் குடும்பத்தாரும் உறையைப் பார்த்து வாங்குங்கள். உரிம எண், சேர்மானப் பட்டியல், தயாரித்த நாள், தயாரித்தவர் முகவரி ஆகியவை இல்லாத மருந்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எல்லா நோயையும் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பாதீர்கள். குறிப்பிட்ட பல நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

மூன்றாவது, மருந்தின் பெயரால் போதை. சுற்றியுள்ள தமிழக ஊர்களைவிட நம் பகுதியில் மது மலிவு என்பதை அனைவரும் அறிவோம். பகலெல்லாம் உழைத்த உடல் நோகிறது, குடித்தால்தான் உறக்கம் வருகிறது என்று சொல்லித் தொடங்குகிறார்கள். நம் பிள்ளைகளிலும் சிலர் அந்த வலையில் விழுந்திருப்பதை மறைத்துப் பயனில்லை. மருந்துக்காகவே மது தயாரிப்பதாகச் சொன்ன தாரிக் பின் ஸுவைத் (ரலி) அவர்களிடம், அது மருந்தன்று, நோய் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். இது முஸ்லிமில் உள்ள செய்தி. இன்றைய மருத்துவமும் அதையே சொல்கிறது. மது விரைவில் கண்ணை மூட வைக்கும். ஆனால் இரவின் பிற்பகுதியில் உறக்கத்தைக் கலைத்துவிடும். விடியும்போது உடல் முன்னைவிடச் சோர்ந்திருக்கும். அடுத்த இரவு அளவு கூடும். போதை தருவதையும், உடலைத் தளர்த்தி மயக்குவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் உள்ளது. கஞ்சா கலந்த உருண்டையும், மருத்துவர் சீட்டின்றி வாங்கும் வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் அந்தத் தடைக்குள்தான் வரும். அறுவைச் சிகிச்சையிலும் புற்றுநோயின் கடும் வேதனையிலும் மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் நிலை வேறு. நிர்ப்பந்தத்தின் சட்டம் அதற்குண்டு. அந்த நோயாளியின் வலியைத் தணிக்க மறுப்பது மார்க்கம் அன்று.

வேர் தீர்க்காத விழிப்பு

உறக்கமின்மை எல்லாவற்றுக்கும் மருந்து தேடுவதும் சரியன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி நம் கரையோரக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் அலையோசை கேட்டாலே திடுக்கிட்டு விழித்தவர்கள் பலர். அந்த விழிப்பை எந்த வேர் தீர்க்கும்? அருகில் அமர்ந்து பேசிய மனிதர்களே அவர்களுக்கு மருந்தானார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் உறவினரில் எவரேனும் மரணித்தால், தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சச் செய்து, நோயாளியின் இதயத்திற்கு அது ஆறுதல் தந்து கவலையைச் சிறிது போக்குவதாக நபிகளார் கூறியதை எடுத்துச் சொல்வார்கள் என்று புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. கஞ்சியின் சூடும், அதனைக் காய்ச்சிக் கொடுக்கும் கையின் அன்பும் சேர்ந்ததே அந்த மருத்துவம்.

நோவும் உறக்கமும் ஒன்றாகச் சந்திக்கும் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள், ஒரு பணியாளரைக் கேட்டுத் தந்தையிடம் வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் மகளின் இல்லத்திற்கே சென்று, படுக்கைக்குச் செல்லும்போது ஸுப்ஹானல்லாஹ் 33 முறை, அல்ஹம்துலில்லாஹ் 33 முறை, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதும்படி கற்றுக் கொடுத்தார்கள். அது பணியாளரைவிடச் சிறந்தது என்றும் அருளினார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வரும் இச்செய்தியில் தாய்மார்களுக்குப் பெரும் ஆறுதல் இருக்கிறது. இதனை வாசிக்கும் கணவன்மார்களும் மகன்மார்களும் மற்றொன்றையும் கவனியுங்கள். அந்தக் கைகளின் நோவைக் கேட்க, தந்தை வீடு தேடி வந்தார்கள். நம் வீட்டில் நோகும் கைகளை நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா?

இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இன்று இஷாவுக்குப் பின்புதான் நம் வீடுகளில் கைப்பேசி ஒளிர்கிறது. நள்ளிரவு வரை ஒளியை உற்று நோக்கிவிட்டு, உறக்கத்திற்கு அமுக்கரா கேட்பதில் என்ன நியாயம்? ஒளுவுடன் படுப்பதும், வலப்புறமாகச் சாய்வதும், ஓத வேண்டியதை ஓதி இறைவனிடம் ஒப்படைத்து உறங்குவதும் செலவில்லாத மருத்துவம். மாலைக்குப் பின் தேநீரையும் காப்பியையும் குறைப்பதும் அவ்வாறே. பலத்த குறட்டையுடன் மூச்சு நின்று நின்று வருபவரும், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுபவரும் அதனை முதுமை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

இன்று முதல் செய்ய வேண்டியவை

வீட்டிலுள்ள பெரியவர்கள் உண்ணும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரசு மருத்துவமனைக்குச் சென்றாலும், தனியார் மருத்துவரிடம் சென்றாலும் அத்தாளைக் காட்டுங்கள். லேகியம் உண்பதை மருத்துவரிடம் மறைப்பதே பல விபரீதங்களுக்குக் காரணம். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகளை வேரை நம்பி நிறுத்திவிடாதீர்கள். வலி மாத்திரையை மாதக்கணக்கில் தாமாக உண்டு சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நொச்சியையும் முடக்கத்தானையும் பிரண்டையையும் வீட்டுக் கொல்லையில் வளர்த்துப் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டுங்கள். ஊமத்தையையும் செங்காந்தளையும் சேர்த்தே காட்டி, தொடக்கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தகுதி பெற்ற சித்த அல்லது யூனானி மருத்துவர் ஒருவரையும், நவீன மருத்துவர் ஒருவரையும் அழைத்து, பெண்களுக்கும் இடம் ஒதுக்கி, மக்கள் கேட்கும் ஐயங்களுக்கு விடை பெற்றுத் தரலாம்.

நோயுற்றால் குணமளிப்பவன் தன் இறைவனே என்று இப்ராஹீம் (அலை) அவர்கள் கூறியதைத் திருமறை (26:80) எடுத்துரைக்கிறது. வேர் குணமளிப்பதில்லை, மாத்திரையும் குணமளிப்பதில்லை. இரண்டும் அவன் நம் கையில் தந்த அமானிதங்கள். அளவறிந்து, அறிந்தவரைக் கேட்டு, மோசடியின்றிப் பயன்படுத்துவதே அந்த அமானிதத்தைப் பேணுவதாகும். உரிய முயற்சி செய்தும் தீராத நோவை உடையவர்கள் மனம் தளர வேண்டாம். காலில் தைக்கும் ஒரு முள்ளுக்கும்கூடப் பாவமன்னிப்பு உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் நோவால் துடிப்பவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! உறக்கமின்றி விழித்திருக்கும் கண்களுக்கு அமைதியை இறக்குவாயாக! மருத்துவர்களுக்கு அறிவையும் வணிகர்களுக்கு நேர்மையையும் தந்தருள்வாயாக! போதையின் பிடியிலிருந்து எங்கள் பிள்ளைகளைக் காப்பாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.